திருகாணிக்கும் போல்ட்டுக்கும் ஏற்ற துளை
மலைநாட்டுத் தோட்டத்தாருக்கும் மரக்கறிக் கமக்காரருக்கும் சில குறிப்புகள்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் மரக்கறிக் கமங்களிலும் திருகாணியோ போல்ட்டோ வேண்டாத வேலை அரிது. லயத்துக் கூரைத் தகடு, மாட்டுப்பட்டியின் கதவு, கொழுந்து மடுவத்தில் தராசு தொங்கும் சட்டம், முதுகிற் சுமக்கும் மருந்து தெளிகருவியின் கைப்பிடி, 'ஸ்டோர்' எனத் தோட்டத்தார் வழங்கும் தொழிற்சாலையிற் கொழுந்து உருட்டும் றோலரின் காப்புத் தகடு ஆகிய யாவும் ஒரு துளையையும் அத்துளையுள் நிற்கும் ஓர் இரும்புத் துண்டையும் நம்பியே இருக்கின்றன. இரும்பை விலை கொடுத்துத் தேர்ந்து வாங்குகின்றோம். துளையையோ, பட்டறையில் 'டிறில்' எனப்படும் துறப்பணத்தில் எந்த அலகு பூட்டியிருக்கின்றதோ அதனாலேயே இட்டுவிடுகின்றோம். கூரைத் தகடு காற்றிற் பெயர்வதும், கதவு ஒருபுறம் சாய்ந்து தொங்குவதும், காப்புத் தகடு கழன்று ஓடும் பட்டியின்மேல் விழுவதும் பல வேளைகளில் இங்கிருந்தே தொடங்குகின்றன.

தென்மேற் பருவக்காற்று மே மாதத்தில் எழுந்து செப்டெம்பர் வரை வீசும். ஹற்றன், நோர்வூட், வட்டவளைப் பக்கங்களில் இக்காலத்தில் மழையும் காற்றும் ஒருங்கே வந்து கூரையைத் தாக்குவதை நீங்கள் அறிவீர்கள். அப்பொழுது கூரையைத் தாங்குவது தகட்டின் தடிப்பன்று. குறுக்குமரத்தினுள் இறங்கியிருக்கும் திருகாணியின் மரை, மரத்தை எவ்வளவு இறுகப் பற்றியிருக்கின்றது என்பதே ஆகும். ஆகையால் தை, மாசி மாதங்களில் வானம் வெளித்திருக்கும்போதே துளை வேலைகளைச் சரிபார்த்துக்கொள்ளுதல் நன்று.

செல்லும் துளையும் பிடிக்கும் துளையும்

துளையிடுமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்விடத்தில் இரும்பு தடையின்றிச் செல்லவேண்டுமா, அன்றி இறுகப் பிடிக்கவேண்டுமா? அலகின் அளவைத் தீர்மானிப்பது இக்கேள்வியே. திருகாணியின் பெயரளவு மட்டும் அதனைத் தீர்மானிப்பதில்லை. 'எட்டாம் நம்பர் திருகாணிக்கு என்ன அலகு?' என்று கேட்பவருக்கு ஒரே விடை கூறமுடியாமைக்குக் காரணமும் இதுவே.

இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் திருகாணியாற் பிணைப்பதை எடுத்துக்கொள்வோம். மேற்பலகையில் திருகாணி தாராளமாகச் செல்லவேண்டும். கீழ்ப்பலகையில் மட்டுமே அதன் மரை பற்றவேண்டும். அப்பொழுதுதான் திருகாணியின் தலை மேற்பலகையை அழுத்த, மரை கீழ்ப்பலகையை இழுக்க, இரண்டும் நெருங்கி ஒன்றாகும். இரண்டு பலகைகளிலும் மரை பற்றிக்கொள்ளுமாயின், தொடக்கத்தில் அவற்றிடையே இருந்த இடைவெளி எவ்வளவு முறுக்கினும் அப்படியே நிற்கும். திருகாணி சுற்றுந்தோறும் இரு பலகைகளும் ஒரே அளவாக நகர்வதால் அவை நெருங்க வழியில்லை. கையில் வலுவிருப்பவர் மேலும் முறுக்குவார்; கழுத்து முறியும், அல்லது கீழ்ப்பலகையின் மரை சிதையும். மேற்பலகையிற் செல்லும் துளை இட்டிருந்தால் இவ்விடர் நேர்ந்திராது.

எனவே மரவேலையில் ஒரு திருகாணிக்கு இரண்டு அளவான துளைகள் வேண்டும். மேலே செல்லும் துளை; அது திருகாணியின் தண்டைவிடச் சிறிது பெரியது. கீழே பிடிக்கும் துளை. அது மரைகளை நீக்கினால் எஞ்சும் நடுத்தண்டைவிடச் சிறிது சிறியது. நடுத்தண்டின் அளவை அறியக் கருவி வேண்டுவதில்லை. திருகாணியை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, அதன்முன் அலகை நெடுக்காக வையுங்கள். நடுத்தண்டு அலகால் மறைந்து, இருபுறமும் மரையின் முனைகள் மாத்திரம் தெரியுமாயின் அவ்வலகு கடினமான மரத்துக்கு ஏற்றது. அலகின் இருமருங்கிலும் நடுத்தண்டும் சிறிது தெரியுமாயின் மென்மரத்துக்கு ஏற்றது. மரையின் முனையே தெரியாதவாறு அலகு மறைத்துவிடுமாயின் அது செல்லும் துளைக்கு உரியது; பிடிக்கும் துளைக்கு ஒருபோதும் ஆகாது.

திருகாணிகளுக்கு நம்பர் முறையில் ஓர் அளவும் மில்லிமீற்றரில் ஓர் அளவும் வழங்குகின்றன. நம்பர் முறை பழைய பிரித்தானிய வழக்கு. நம்பரை 13 ஆற் பெருக்கி 60 ஐக் கூட்டினால், தண்டின் விட்டம் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குகளிற் கிடைக்கும். எட்டாம் நம்பருக்கு 164; அதாவது 0.164 அங்குலம், ஏறத்தாழ 4.2 மி.மீ. பத்தாம் நம்பர் 4.8 மி.மீ. ஆகும், பதினான்காம் நம்பர் 6.1 மி.மீ.க்குச் சற்று மேற்படும். இவ்வொரு கணக்கை அறிந்து வைத்திருப்பவர் எந்த அட்டவணையையும் தேடவேண்டியதில்லை.

பெரிதும் பயன்படுவன ஆறாம், எட்டாம், பத்தாம் நம்பர்களே. ஆறாம் நம்பருக்குச் செல்லும் துளை 4 மி.மீ.; பிடிக்கும் துளை மென்மரத்தில் 1.5 முதல் 2 மி.மீ., வன்மரத்தில் 2.5 மி.மீ. எட்டாம் நம்பருக்குச் செல்லும் துளை 4.5 மி.மீ.; பிடிக்கும் துளை மென்மரத்தில் 2 மி.மீ., வன்மரத்தில் 2.5 முதல் 3 மி.மீ. பத்தாம் நம்பருக்குச் செல்லும் துளை 5 முதல் 5.5 மி.மீ.; பிடிக்கும் துளை மென்மரத்தில் 2.5 மி.மீ., வன்மரத்தில் 3 முதல் 3.5 மி.மீ. பிடிக்கும் துளையின் ஆழம், மரத்தினுள் இறங்கும் மரையின் நீளத்துக்குச் சமமாக இருத்தல் வேண்டும். அலகில் அவ்வளவு நீளத்தில் ஒரு துணி நாடாவைச் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது.

நம் மலைநாட்டு மரங்கள்

மென்மரம், வன்மரம் என்பன நூல்களில் வரும் பாகுபாடு. தோட்டத்தில் உங்கள் கைக்கு வரும் மரத்தை நீங்களே சோதித்து அறிதல் வேண்டும். நிழலுக்காகத் தேயிலையிடையே நடப்பட்ட கிறெவிலியா மரத்தையே நம் தோட்டத்தார் சவுக்கு என்பர். அதன் பலகை இடைத்தர மென்மையுள்ளது. ஆனால் யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் சவுக்கு என்பது கடற்கரை மணலில் வளரும் வேறொரு மரம். அது மிகக் கடினமானது. அங்கு அச்சான மரவேலை நூல் ஒன்றிற் 'சவுக்கு' என்னும் பெயரைக் கண்டு அதற்குரிய அளவை நம் கிறெவிலியாவுக்குக் கொண்டால் துளை பெரிதாகிவிடும். திருகாணி கையாலேயே கழன்றுவரும்.

யூக்கலிப்டஸ் மரத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஒரே பெயரில் வழங்கும் பல வகைகள் நம் மலைகளில் நடப்பட்டுள்ளன. சிலவற்றின் மரம் எளிதில் துளைபடும். சிலவற்றின் வைரம் முறுக்கும் திருகாணியை முறித்துவிடும். ஆகவே பெயரை நம்பாமல், அதே மரத்தின் கழிவுத்துண்டு ஒன்றில் முதலில் துளையிட்டுத் திருகாணியை முறுக்கிப் பாருங்கள். கடைசிச் சில சுற்றுகள் கையின் முழு வலுவைக் கேட்கவேண்டும். ஆனால் மரத்தின் முகத்தில் பிளவு கோடாகத் தோன்றலாகாது. பிளவு தோன்றினால் அரை மில்லிமீற்றர் பெரிய அலகை எடுங்கள். கையின் வலுவைக் கேளாமலே திருகாணி இறங்குமாயின் அரை மில்லிமீற்றர் குறையுங்கள்.

தோட்டங்களில் அறுத்த மரம் உலர்வதற்குக் காலம் கொடுக்கப்படுவதில்லை. சென்ற கிழமை சரிந்த மரம் இக்கிழமை குறுக்குமரமாகிவிடுகின்றது. பச்சை மரம் உலரும்போது நார்வழியில் ஏறக்குறையச் சுருங்குவதேயில்லை. நாருக்குக் குறுக்கே நன்கு சுருங்கும். அகலமான பலகையை இரு ஓரங்களிலும் இறுகத் திருகாணியிட்டுப் பூட்டினால், சுருங்க இடமின்றிப் பலகை நடுவே பிளந்துவிடும். இதனைத் தவிர்க்க, நடுவிலுள்ள திருகாணிக்கு மட்டும் வட்டத் துளை இட்டு, ஓரங்களிலுள்ள செல்லும் துளைகளைப் பலகையின் அகலப் போக்கில் சிறிது நீட்டி இடுங்கள். தலைக்குக் கீழ் அகன்ற வாசர் ஒன்றும் வேண்டும். பட்டிக் கதவுகள் ஒரு வறட்சிக்குள் பிளந்துபோவதைக் கண்டு மரத்தைக் குறைகூறுவோர் பலர். பெரும்பாலும் மரம் குற்றமற்றது.

பலகையின் தலைப்புறத்துக்கு அண்மையிற் பிடிக்கும் துளையின்றித் திருகாணி இறக்கற்க. நாருக்கு நேரே, தலைப்புற முகத்தினுள் இறக்கும் திருகாணியோ எவ்வளவு நல்ல துளையிலும் பாதி வலுவுடனேயே நிற்கும். இறுகிய மரத்தில் திருகாணி எளிதில் இறங்குவதற்குச் சவர்க்காரம் தடவுவது பழைய பழக்கம். அது ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். மெழுகுவர்த்தியைத் தடவுக.

கூரைத் தகடு

நெளிதகட்டில் துளை நெளியின் முகட்டில் வரவேண்டும். பள்ளத்தில் நீரோடும், அங்கு இடும் துளை எத்தகைய வாசரிட்டாலும் ஒரு நாள் ஒழுகும். தகட்டிலுள்ளது செல்லும் துளை; குறுக்குமரத்திலுள்ளது பிடிக்கும் துளை. கூரைக்குரிய பதினான்காம் நம்பர்த் திருகாணிக்குத் தகட்டில் 7 மி.மீ. துளை போதும். குறுக்குமரத்தில் 4 மி.மீ. அலகால் இடும் துளை சவுக்குக்கு ஏற்றது. வைரமேறிய யூக்கலிப்டஸுக்கு 4.5 மி.மீ. கொள்ளலாம். ஒரே அலகால் தகட்டையும் மரத்தையும் ஒருங்கே துளைத்துவிடுதல் வேலையை விரைவாக்கும் என்பது உண்மையே. ஆயின் தகட்டுக்குப் பொருந்தும் 7 மி.மீ. துளை மரத்தினுள்ளும் இறங்கிவிட்டால், திருகாணியின் மரை வெற்றிடத்தில் நிற்கும். மழைக்காலம் வரும்வரை அது தெரியாது. காற்று தகட்டின் கீழ்ப்புகுந்து தூக்கும் முதல் இரவிலேயே தெரியும். அவ்விரவில் லயத்தில் உறங்குவோர் யார் என்பதை வேலை செய்பவர் நினைவிற் கொள்வாராக.

பழைய திருகாணியைக் கழற்றிப் புதியதை அதே துளையில் இறக்கும்போதும் இவ்வாறே. பெரிதாகிப்போன துளையில் அதே நம்பரை மீண்டும் முறுக்குவதாற் பயனில்லை. ஒன்றேல் குறுக்குமரத்தில் இரண்டு அங்குலம் தள்ளிப் புதுத் துளை இடுங்கள். அன்றேல் பழைய துளையில் காய்ந்த மரத்தாற் செதுக்கிய முளையை அடித்து, நீர்பட்டுக் கெடாத பசையிட்டு, அது உலர்ந்தபின் அதனுள் பிடிக்கும் துளை இடுங்கள். தகட்டிலுள்ள பழைய துளையைத் திறந்துவிடாமல் ஒட்டி அடைத்தல் வேண்டும்.

துளையை நுனியால் தானே இட்டுக்கொள்ளும் திருகாணிகளும் உள்ளன. அவற்றில் இருவகை உண்டு. கூரிய நுனியும் இடைவிட்ட மரையும் உடையது மரத்துக்கு உரியது. அலகு போன்ற நுனியும் நெருங்கிய மரையும் உடையது இரும்புச் சட்டத்துக்கு உரியது. பின்னதை மரத்தில் இட்டால், அதன் நுனி நடுத்தண்டின் அளவுக்கே மரத்தைத் தின்றுவிடும்; எஞ்சும் சிறு மரை மரத்தை ஓரளவே பற்றும். வாங்கும்போது நுனியைப் பார்த்து வாங்குங்கள்.

இறப்பர் வாசரை நசுங்கும் அளவுக்கு முறுக்கற்க. வாசரின் விளிம்பு தலையைச் சுற்றி மெல்லப் புடைத்தவுடன் நிறுத்துக. துளையிட்டபின் தகட்டில் விழுந்த இரும்புச் சீவல்களை அன்றே துடைப்பத்தால் தள்ளிவிடுக. ஈரம்பட்ட சீவல் ஓரிரு நாட்களிலேயே துருப்பிடித்து, அந்தத் துரு தகட்டின் நாகப் பூச்சையும் அரிக்கும்.

அஸ்பெஸ்டஸ் தகடுகளைப்பற்றி ஓர் எச்சரிக்கை தனியே கூறவேண்டும். அவற்றின் தூசு நுரையீரலிற் சென்று பல ஆண்டுகளின்பின் புற்றுநோயை உண்டாக்கும். எல்லாவகை அஸ்பெஸ்டஸும் இத்தன்மையதென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஆகையால் அத்தகடுகளிற் புதுத் துளை இடாமலிருப்பதே சிறப்பு. தவிர்க்கமுடியாவிடின் மின்துறப்பணத்தை ஒதுக்கிக் கைத்துறப்பணத்தைக் கொண்டு, துளையிடும் இடத்தை நீரால் நனைத்துக்கொண்டே, தூசுக்குரிய முகக்கவசம் அணிந்து செய்க. பிள்ளைகள் அருகில் நிற்கலாகாது. உலர்ந்த தூசைப் பெருக்கற்க. ஈரத்துணியால் ஒற்றி எடுக்க. துளை போல்ட்டைவிட 2 மி.மீ. பெரியதாக இருத்தல் வேண்டும். வெயிலிலும் மழையிலும் தகடு அசைவதற்கு இடமில்லாவிடின் துளையிலிருந்தே வெடிக்கும்.

போல்ட்டுத் துளை

போல்ட்டும் நட்டும் இட்டுப் பிணைக்கும்போது இரு பகுதிகளிலும் செல்லும் துளையே வேண்டும். பிடிப்பது நட்டின் வேலை. உலோகச் சட்டங்களுக்கு உலகெங்கும் வழங்கும் நடுத்தர அளவு இதுவாகும்: 6 மி.மீ. போல்ட்டுக்கு 6.6, எட்டுக்கு 9, பத்துக்கு 11, பன்னிரண்டுக்கு 13.5, பதினாறுக்கு 17.5 மி.மீ. போல்ட்டின் அளவுக்கே துளையிட்டு அடித்து இறக்குவதைத் திறமை எனக் கருதுவோர் உளர். ஒரே துளையாயின் அது இயலும். நான்கு துளைகள் ஒன்றோடொன்று நேர்ப்படவேண்டிய இடத்தில் நான்காவது போல்ட்டு இறங்காது. அதனைச் சுத்தியலால் அடிக்கும்போது மரை கெடும்.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. இறுக்கி நிறுத்தும் போல்ட்டுக்கே மேற்கூறிய தாராளம் பொருந்தும். தெளிகருவியின் கைப்பிடி, பட்டிக் கதவின் கீல், கைவண்டியின் இணைப்பு போன்று சுழலும் இடங்களில், தண்டு துளையிற் சிறிதும் ஆடலாகாது. அங்கு மில்லிமீற்றரிற் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு இடைவெளியே போதும். ஆடும் துளை நாடோறும் முட்டை வடிவாகத் தேய்ந்து, தெளிகருவியைத் தோளில் சுமந்து மருந்தடிப்பவரின் கை வலிக்கும். நெம்புகோலின் பாதி வீச்சு வீணாகும்.

மரத்திற் போல்ட்டிடும்போது 12 மி.மீ. தண்டுக்கு 13 மி.மீ. துளை போதும். தலைக்கும் நட்டுக்கும் கீழே தண்டைப்போல் மூன்று மடங்கு அகன்ற வாசர் இடுக. அன்றேல் நட்டு மரத்தினுள் புதைந்து இறுக்கம் குன்றும். இழுவை சட்டத்தின் முனையை நோக்கியிருப்பின், முனைக்கும் துளைக்கும் இடையே தண்டின் விட்டத்தைப்போல் ஏழு மடங்கு தூரம் விடுக. தராசு தொங்கும் சட்டத்தில் இத்தூரத்தைக் குறைத்தால், மரம் துளையிலிருந்து முனைவரை நார்வழியே கிழியும்.

தொழிற்சாலையில் அங்குலமும் மில்லிமீற்றரும்

ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையிட்ட பின்னர், அடுத்த பல்லாண்டுகளில் இங்கு வந்து சேர்ந்த இயந்திரங்கள் பிரித்தானிய முறையிலேயே ஆக்கப்பட்டவை. கெயின்ஸ்பரோவின் மார்ஷல், பெல்பாஸ்ற்றின் டேவிட்சன் முதலிய நிறுவனங்களின் பெயர்களைப் பழைய வார்ப்பிரும்பு உடல்களில் இன்றும் வாசிக்கலாம். அவ்வியந்திரங்களின் போல்ட்டுகள், யோசப் விட்வேர்த் 1841 இல் முன்மொழிந்த அங்குல மரையை உடையன. பிரித்தானியா 1965 முதல் மீற்றர் முறைக்கு மாறத் தொடங்கியது. அதன் பின்னர் ஐரோப்பா, யப்பான், இந்தியா, சீனா ஆகிய இடங்களிலிருந்து வந்த இயந்திரங்களிலும் மோட்டர்களிலும் மீற்றர் மரையே பெரிதும் காணப்படுகின்றது. இதன் விளைவாக ஒரே தொழிற்சாலையில், சில வேளை ஒரே றோலரில், இருவகை மரைகளும் கலந்துள்ளன.

இக்கலப்பில் மிகவும் ஏமாற்றுவது 5/16 அங்குல விட்வேர்த்தும் 8 மி.மீ. போல்ட்டுமாகும். முன்னதன் விட்டம் 7.94 மி.மீ.; பின்னதன் விட்டம் 8 மி.மீ. கண்ணால் வேறுபாடு காண இயலாது. ஆனால் 5/16 இல் ஓர் அங்குலத்துக்கு 18 மரை, 8 மி.மீ. போல்ட்டில் மரைக்கு மரை 1.25 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்துக்கு இருபதுக்குச் சற்று மேல். மரையின் சரிவும் வேறு: விட்வேர்த்துக்கு 55 பாகை, மீற்றருக்கு 60 பாகை. ஒன்றை மற்றதன் துளையில் முறுக்கினால் முதல் இரண்டொரு சுற்று சுகமாகவே செல்லும், பின்னர் இறுகும். நன்றாகப் பிடித்துவிட்டதென்று வேலையாள் மகிழ்வார். உண்மையில் அங்கு மரை மரையைத் தின்றுகொண்டிருக்கின்றது. றோலர் அதிர அதிர அவ்வாறு நிற்கும் போல்ட்டு கழன்று, காப்புத் தகடு விலகும். அத்தகட்டுக்குப் பின்னால் ஓடுவது பல்சக்கரம். முன்னால் நிற்பது ஒரு மனிதரின் கை. சுகமாகச் சென்று திடீரென இறுகும் போல்ட்டை எக்காரணத்தாலும் மேலும் முறுக்கற்க.

கண்டறியும் வழி எளிது. போல்ட்டின் மரைமேல் உருக்கு அளவுகோலை வைத்து, ஓர் அங்குலத்துள் அடங்கும் மரைகளை எண்ணுங்கள். 1/4 அங்குல விட்வேர்த்தில் 20, 5/16 இல் 18, 3/8 இல் 16, 1/2 இல் 12 மரைகள் இருக்கும். எண்ணிக்கை முழு எண்ணாக வராது போனால் மில்லிமீற்றர்ப் பக்கத்தைத் திருப்பி வையுங்கள். பத்து மரைகள் 10 மி.மீ. அடங்கினால் 6 மி.மீ. போல்ட்டு; பன்னிரண்டரை அடங்கினால் 8; பதினைந்து அடங்கினால் 10; பதினேழரை அடங்கினால் 12 மி.மீ. போல்ட்டாகும்.

இனி, இரும்பினுள்ளேயே டாப்பினால் மரை வெட்டவேண்டிய இடத்திற் பிடிக்கும் துளை எவ்வளவு? இதற்கும் ஒரு கணக்குண்டு. போல்ட்டின் விட்டத்திலிருந்து ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைத்தூரத்தைக் கழியுங்கள். எஞ்சுவதே அலகின் அளவு. 10 மி.மீ. போல்ட்டில் இடைத்தூரம் 1.5, அலகு 8.5. எட்டில் 1.25, அலகு 6.75, கடையில் 6.8 ஆகக் கிடைக்கும். பன்னிரண்டில் 1.75, அலகு 10.25, நடைமுறையில் 10.2. ஆறுக்கு 5. அங்குல மரைக்கு 25.4 ஐ மரையெண்ணாற் பிரித்து இடைத்தூரத்தைக் காண்க: 3/8 அங்குலத்துக்கு 25.4 ஐ 16 ஆற் பிரிக்க 1.59; 9.53 இற் கழிக்க 7.94, ஆகவே 7.9 மி.மீ. அலகு. 1/4 க்கு 5.1, 5/16 க்கு 6.5; 1/2 க்கு 10.5.

இக்கணக்கிலும் சிறிய அலகைக் கொள்வார் உளர்; மரை ஆழமாக வெட்டுப்படும், நன்றாகப் பிடிக்கும் என்பது அவர்கள் எண்ணம். சிறிதளவே கூடுதலான பிடிக்காக டாப்பு பன்மடங்கு பாடுபட்டு உள்ளே முறிந்துவிடும். முறிந்த டாப்பு துறப்பண அலகுக்கு இணங்காது; அதனை எடுப்பதைவிட வேறிடத்தில் துளையிடுவது இலகு. துளையின் ஆழமும் கவனிக்கத்தக்கது. உருக்கில் போல்ட்டின் விட்டமளவு மரை இருந்தாற் போதும். வார்ப்பிரும்பில் ஒன்றரை மடங்கு வேண்டும். அடி மூடிய துளையாயின், டாப்பின் கூர்நுனி அமர்வதற்கும் சீவல் தங்குவதற்கும் இன்னும் சில மில்லிமீற்றர் கூடுதலாகத் துளைக்க.

மரை சிதைந்துபோன பழைய 5/16 அங்குலத் துளையைக் கைவிடவேண்டுவதில்லை. அதன் முழு விட்டம் 7.94 மி.மீ.; மேலே கண்ட கணக்கின்படி 3/8 விட்வேர்த்துக்குரிய பிடிக்கும் துளையும் அதுவே. அதனை 7.9 அல்லது 8 மி.மீ. அலகாற் சுத்தம் செய்து 3/8 டாப்பை இறக்கினால், பழைய மரையின் சுவடு நீங்கிப் புது மரை முழுமையாக அமையும். இதற்குமுன் துளையைச் சுற்றி உலோகம் போதிய தடிப்பில் உள்ளதா எனப் பார்த்துக்கொள்க. காப்புத் தகட்டிலுள்ள செல்லும் துளையையும் 10.5 மி.மீ.க்குப் பெரிதாக்க மறவாதீர். சிதைந்த துளை 8 மி.மீ. மரையுடையதாயின், 8.5 மி.மீ. அலகும் 10 மி.மீ. டாப்பும் பொருந்தும். எந்த மரை வெட்டினீர்கள் என்பதைத் துளையின் அருகிலே வண்ணத்தால் எழுதிவைத்தால், உங்களுக்குப் பின் அவ்விடத்தில் வேலை செய்பவர் திகைக்கமாட்டார்.

காப்புத் தகட்டைக் கழற்றுமுன் மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. ஆளியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க.

துளைக்கும் முறை

சரியான அலகும் தவறான துளையை இடக்கூடும். இரு வெட்டுமுகங்களும் ஒத்த நீளமாகத் தீட்டப்படாத அலகு, தன் அளவைவிடப் பெரிய துளையை இடும். அரைச்சக்கரத்தில் கண்மதிப்பாகத் தீட்டிய அலகுகளில் இக்குறை பெரிதும் உண்டு. ஆகவே தீட்டியபின் கழிவுத் தகட்டில் ஒரு துளையிட்டு, அதே அலகின் பின்தண்டை அதனுட் செலுத்திப் பாருங்கள். தளர்ந்து ஆடினால் மீண்டும் தீட்டுங்கள். துளையிடுமிடத்தில் புள்ளி உளியால் ஒரு குழி அடித்துக்கொண்டால் அலகு வழுக்காது. 8 மி.மீ.க்கு மேற்பட்ட துளைக்கு முதலில் 3 அல்லது 4 மி.மீ. அலகால் வழிகாட்டித் துளை இடுக. அலகு பருக்கப் பருக்க வேகம் குறைதல் வேண்டும்; மென்னுருக்கில் 5 மி.மீ. அலகுக்கு நிமிடத்துக்கு 1,600 சுற்றும் 10 மி.மீ. அலகுக்கு 800 சுற்றும் ஏறத்தாழப் பொருந்தும். உருக்குக்கு எண்ணெய் விடுக. வார்ப்பிரும்பை உலரவே துளைக்க.

மெல்லிய தகட்டைக் கையாற் பிடித்துக்கொண்டு துளைக்கற்க. அலகு மறுபுறம் வெளிப்படும் கணத்தில் தகட்டைச் சுழற்றிக் கையை வெட்டிவிடும். மரத்துண்டின்மேல் வைத்து இறுக்கியில் மாட்டுக. கண்ணாடி அணிக. குளிருக்குப் போர்த்திய சால்வை, தொங்கும் தலைத்துணி, கையுறை ஆகியவற்றைக் களைந்துவிட்டே சுழலும் அலகின் அருகிற் செல்க.

நுவரெலியா போன்ற ஈரமிக்க இடங்களில் அலகுகளைப் பெட்டியிற் குவித்துவைத்தால், துருவோடு அளவெழுத்தும் மறைந்துவிடும். ஒரு சவுக்குக் கட்டையில் 1.5 மி.மீ. முதல் 13.5 மி.மீ. வரை வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொன்றின் கீழும் அளவை எழுதி, அலகுகளை எண்ணெய் துடைத்து அதிலேயே செருகிவையுங்கள். கட்டையின் மறுபக்கத்தில் ஆறாம், எட்டாம், பத்தாம், பதினான்காம் நம்பர்த் திருகாணிகளில் ஒவ்வொன்றையும், 5/16 அங்குல போல்ட்டு ஒன்றையும், 8 மி.மீ. போல்ட்டு ஒன்றையும் அருகருகே பொருத்தி, அவற்றுக்குரிய செல்லும் துளை, பிடிக்கும் துளை அளவுகளை வண்ணத்தால் எழுதுங்கள். தச்சர் வேலைக்குச் செல்லும்போது கட்டை முழுவதையும் எடுத்துச் செல்லலாம். திரும்பி வரும்போது வெறுமையாயிருக்கும் துளை எந்த அலகு கூரையிலேயே மறந்துவிடப்பட்டது என்பதைக் காட்டும்.